மின்னணு ஆலய மணி: மாலை 6 மணிக்கு மூன்று மணிகள் மோதுகின்றன, வார அட்டவணையை எப்படி அமைப்பது?

பாடகர்குழு_பேஸ் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆலயக் கோபுரத்தில் மின்னணு கேரிலான் (மணிகளால் இசை வாசிக்கும் கருவி) ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். சக்ரீஸ்து அறையில் (குருவானவர் திருவுடை அணியும் அறை) ஒரு பெட்டி, கோபுரத்தில் நான்கு திசைக்கும் நான்கு ஹார்ன் ஸ்பீக்கர். அதன் அட்டவணையை அமைக்கும் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் கொடுத்திருக்கிறார். பாடகர் குழுவில் இருப்பவன் என்பதால் இசை தெரியும். மணி அடிக்கும் ஒழுங்கு இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன்.

பெட்டியில் ஏழு நாள் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் கிழமை, நேரம், இசை எண், ஒலி அளவு என்று நான்கு விவரம் கொடுக்கலாம். விசேஷ தேதிகளுக்குத் தனிப் பக்கம், அடைப்பு நேரத்துக்கு (மணி அடிக்கக் கூடாத நேரம்) தனிப் பக்கம். மணிக்கு மணி அடிப்பது வேறொரு சுவிட்சில் இருக்கிறது.

எங்கள் திருப்பலி நேரங்கள்: வார நாள்களில் காலை 6:30, சனிக்கிழமை மாலை 6:00, ஞாயிறு காலை 6:30, 8:30. முதல் வெள்ளி மாலை 6:00 மணிக்குத் திருப்பலியும் நற்கருணை ஆசீரும். மூவேளை செப மணி தினமும் 6, 12, 6.

சிக்கல்கள் இவை. சனிக்கிழமை மாலை 6:00 மணிக்கு மணிக்கூட்டின் ஆறு அடி, மூவேளை செப மணி, திருப்பலி தொடங்கும் மணி மூன்றும் ஒரே நிமிடத்தில் விழுகின்றன. பெட்டி அவற்றை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அடிக்கிறது. எல்லாம் ஓய்வதற்குள் சாமியார் பீடத்தில் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு 8:30 பூசையில் மறையுரை நடக்கும்போது 9 மணி அடிக்கிறது. முதல் வெள்ளியை ஏழு நாள் அட்டவணையில் எப்படிச் சொல்வது என்று புரியவில்லை, எல்லா வெள்ளியும் அடிக்கும்படிதான் வைக்க முடிகிறது. அப்புறம், பெரிய வியாழன் முதல் பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தைய இரவு வழிபாடு) வரை மணி மௌனமாக இருக்க வேண்டும், அதற்கு எதை அணைக்க வேண்டும்?

இதை அனுபவத்தில் செய்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

கோபுரமணி

தம்பி, நான் ஆலயத்தில் கோயில்பிள்ளை வேலை பார்ப்பவன். கயிற்று மணியும் அடித்திருக்கிறேன், இந்தப் பெட்டியையும் பல ஆண்டாகப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. வாரப் பட்டியலில் எல்லா மணியையும் சமமாக எழுதி வைத்தால் அவை மோதத்தான் செய்யும். எது எதற்கு வழிவிட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், நேரம் போடுவது அதற்குப் பிறகு.

ஒரு தாளை எடுத்து அடுக்காக எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் மணிக்கூடு அடிப்பது. அதற்கு மேல் இரவு அமைதி. அதற்கு மேல் வார ஒழுங்கு, அதாவது மூவேளை செபமும் திருப்பலிக்கான மணிகளும். அதற்கு மேல் காலங்கள்: தவக்காலம், பாஸ்கா காலம். அதற்கு மேல் விசேஷ நாள்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் பாஸ்கா முந்நாள் மௌனம். மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரவு அமைதியும் பாஸ்கா மௌனமும் பெட்டியில் ஒரே பக்கத்தில், 'அடைப்பு நேரம்' என்ற ஒரே பெயரில் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றே கிடையாது. இரவு அமைதி அக்கம்பக்கத்தாரின் தூக்கத்துக்காக. டிசம்பர் 24 இரவு 11:30 மணிக்குக் கிறிஸ்து பிறப்புத் திருப்பலிக்கு மணி அடிக்கும்போது அது வழிவிட வேண்டும். பாஸ்கா மௌனம் எதற்கும் வழிவிடக் கூடாது. உங்கள் பெட்டியில் அடைப்பு நேரம் எப்போதும் ஜெயிக்கும் என்றால், இரவு அமைதியை அங்கே வைக்காதீர்கள். மணிக்கூடு அடிக்கும் நேரத்தையே காலை 6 முதல் இரவு 9 வரை என்று குறுக்கிவிடுங்கள். இரவில் வேறு எதுவும் அட்டவணையில் இல்லாததால் தானாகவே அமைதியாக இருக்கும், கிறிஸ்து பிறப்பு இரவிலும் தடை வராது. அடைப்புப் பக்கத்தைப் பாஸ்காவுக்கும் பூசை நேரத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலைக்கு வருவோம். மூவேளை செப மணி மூன்று, மூன்று, மூன்று, கடைசியில் ஒன்பது என்று அடிப்பது. ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். அவசரமாக அடித்துத் தள்ளினால் அதோடு சேர்ந்து செபிப்பவர்கள் திணறிப் போவார்கள். 20 விநாடி இடைவெளி வைத்தால் மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன்னால் மணிக்கூடு ஆறு அடி அடிக்கத் தேவையே இல்லை, மூவேளை செப மணியின் முதல் அடியே 6 மணியைச் சொல்லிவிடும். அதனால் காலை 6, நண்பகல் 12, மாலை 6 மூன்றிலும் மணிக்கூட்டு அடியை எடுத்துவிடுங்கள். எங்கள் ஆலயத்தில் அப்படித்தான், ஒருவரும் குறை சொன்னதில்லை.

திருப்பலிக்கு முதல் மணி 5:30, இரண்டாம் மணி 5:45. தொடக்க மணி என்று 6:00 மணிக்குத் தனியாக எதுவும் வேண்டாம். மூவேளை செபம் முடிந்ததும் சக்ரீஸ்து வாசலில் இருக்கும் சின்ன மணியைப் பீடச் சிறுவன் அடித்தால் போதும், மக்கள் எழுந்து நிற்பார்கள். கோபுர மணி ஊரை அழைப்பதற்கு. உள்ளே வந்துவிட்டவர்களுக்கு அது தேவையில்லை.

பூசைக்குள் மணிக்கூடு அடிப்பதற்கு: ஞாயிறு 8:25 முதல் 9:40 வரை அடைப்பு வையுங்கள். ஆனால் அந்த அடைப்பு தானியங்கி மணிகளை மட்டும் நிறுத்துகிறதா, கைப் பொத்தானையும் சேர்த்து நிறுத்துகிறதா என்று பாருங்கள். சில ஆலயங்களில் எழுந்தேற்றத்தின் போது (அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் நேரம்) கோபுர மணியும் அடிப்பார்கள், பொத்தான் செத்துப்போனால் அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் வெள்ளிக்கு என் வழி எளிது. ஆண்டுத் தொடக்கத்தில் பன்னிரண்டு தேதிகளையும் விசேஷ தேதிப் பக்கத்தில் எழுதிவிடுவேன். எழுதும்போதே திருவழிபாட்டு நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் மாதத்தின் முதல் வெள்ளி ஏப்ரல் 3, அது பெரிய வெள்ளி. 2027இல் முதல் மாதத்து முதல் வெள்ளி ஜனவரி 1, அன்று மரியா இறைவனின் தாய் பெருவிழா, உங்கள் பூசை நேரமே மாறியிருக்கும். கணினி இதையெல்லாம் கேட்காது, சொன்னதை அடிக்கும்.

---

இரவுநேர_நிரலர்

கோபுரமணி ஐயா சொன்ன அடுக்கு முறைதான் சரி. நான் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் இதே வேலையைச் செய்து வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். பெட்டி வாங்காமல் கணினியில் செய்ய நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதல் வெள்ளியைக் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை இயக்கும் நிரல்) எழுத நினைப்பவர்கள் பெரும்பாலும் 0 18 1-7 * 5 என்றுதான் எழுதுவார்கள். தேதி 1 முதல் 7 வரை, கிழமை வெள்ளி, மாலை 6 மணி. படித்தால் சரியாகத்தான் தெரியும். ஆனால் தேதி, கிழமை இரண்டு இடத்தையும் நிரப்பினால் கிரான் இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே இயக்கிவிடும். அதாவது மாதத்தின் முதல் ஏழு நாளும் அடிக்கும், அதோடு எல்லா வெள்ளியும் அடிக்கும். சரியான வழி, எல்லா வெள்ளியும் நிரலை எழுப்பி, உள்ளே 'இன்று தேதி 7க்குள் இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு அடிப்பது. அதே இடத்தில் 'இன்று பாஸ்கா மௌனமா' என்ற கேள்வியையும் வையுங்கள்.

சொல்லப்போனால் நான் கிரானில் ஒவ்வொரு மணியையும் எழுதுவதே இல்லை. அன்றைய நாளுக்கான பட்டியலை நள்ளிரவில் ஒரே நிரல் தயாரிக்கும். அடியிலிருந்து மேலே ஒவ்வோர் அடுக்காகப் போட்டு, மோதுவதை நீக்கி, இறுதிப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதும். காலையில் அந்தக் கோப்பைத் திறந்தால் இன்று எத்தனை மணிக்கு என்ன அடிக்கும் என்று சாதாரணமாகப் படிக்கலாம். ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே தயாரித்து, பங்குத்தந்தையிடம் அச்சிட்டுக் கொடுக்கவும் முடியும். ஒரு பிழையைக் காதால் கேட்டுக் கண்டுபிடிப்பதைவிடத் தாளில் பார்த்துக் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

பாஸ்கா தேதியை மட்டும் கணக்கிட்டால் மற்றவை தானாக வரும். பாஸ்கா ஞாயிற்றுக்கு 46 நாள் முன்னால் திருநீற்றுப் புதன், 3 நாள் முன்னால் பெரிய வியாழன், 49 நாள் பின்னால் தூய ஆவியார் பெருவிழா. பாஸ்கா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16.

இந்த 2027ஐக் கவனியுங்கள். ஆண்டவருடைய பிறப்பின் அறிவிப்புப் பெருவிழாவுக்கு மார்ச் 25 என்று நிலையான தேதியில் இசை போட்டு வைத்தவர்களுக்கு, அந்த ஆண்டு அது பெரிய வியாழனில் போய் விழுகிறது. பெருவிழா ஏப்ரல் 5, திங்களுக்கு நகர்ந்துவிடும். நிலையான தேதி என்று நம்பி எழுதியவைகூட மௌன அடுக்கைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

கடிகாரம் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியே ஆக வேண்டும். சாதாரண குவார்ட்ஸ் படிகம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையோடு ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 50 விநாடி விலகும். ஓராண்டு கவனிக்காமல் விட்டால் பத்து நிமிடம். அது 25 டிகிரி வெப்பத்துக்கு ஒத்திசைத்த படிகம், சூடு ஏறினால் இன்னும் மெதுவாகும். அதனால் பெட்டியைக் கோபுரத்தின் உச்சியில் வைக்காமல் சக்ரீஸ்து அறையில் வைத்திருப்பது நல்ல முடிவு. டிஎஸ்3231 போன்ற வெப்ப ஈடு செய்யும் கடிகாரச் சில்லு ஆண்டுக்கு ஒரு நிமிட அளவில்தான் விலகும். இணையம் இருந்தால் என்டிபி (இணைய நேரச் சேவை) மூலம் நேரம் வாங்கிக்கொள்ளலாம். ராஸ்பெரி பை 5க்கு முந்தைய மாடல்களில் கடிகாரச் சில்லே கிடையாது. மின்சாரம் போய் வந்தால், இணையம் கிடைக்கும்வரை அது பழைய நேரத்திலேயே ஓடும். பை 5இல் சில்லு உண்டு, பேட்டரியை நாம்தான் இணைக்க வேண்டும்.

மின்தடை என்றதும் இன்னொன்று. தவறிய வேலையை மின்சாரம் வந்ததும் செய்து முடிக்கும் வசதியை இயக்காதீர்கள். காப்புப் பிரதி எடுக்கும் கணினிக்கு அது நல்லது. ஆனால் 12 மணிக்குத் தவறிய மூவேளை செபம் 12:40க்கு அடித்தால் கேட்பவர் குழம்பிப்போவார். தவறியது தவறியதாகவே போகட்டும்.

---

பாடகர்குழு_பேஸ்

இருவருக்கும் மிக்க நன்றி. இரவு அமைதியைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, இன்றே மாற்றுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. கால் மணிக்கு ஒரு தடவை இசை ஒலிக்கும் வசதியும் இருக்கிறது, வைக்கலாமா? பாடகர் குழுவின் பாடல்களை மிடி கோப்பாக (சுரங்களைக் குறித்து வைக்கும் கணினிக் கோப்பு) ஏற்றிப் பார்த்தேன், ஆர்கனில் அழகாக இருக்கும் பாட்டு மணியில் கரகரவென்று கலங்கிக் கேட்கிறது. என்ன காரணம்?

---

தாழ்சுருதி

இசைக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது.

மணியின் ஓசைக்குள் பல சுருதிகள் சேர்ந்து இருக்கின்றன. நாம் கேட்பதாக நினைக்கும் சுருதிக்கு ஓர் எட்டம் (ஆக்டேவ்) கீழே ஒரு முனகல் ஒலி, மேலே ஐந்தாம் சுரம், எட்டம், அதோடு ஒரு சிறிய மூன்றாம் சுரம், அதாவது மைனர் தேர்ட். இந்தக் கடைசி ஆள்தான் உங்கள் பிரச்சினை. மேஜர் சுரக்கூட்டு (கார்டு) வாசிக்கும்போது பாட்டில் பெரிய மூன்றாம் சுரம் ஒலிக்கிறது, மணிக்குள்ளிருந்து சிறிய மூன்றாம் சுரமும் ஒலிக்கிறது. இரண்டும் உரசுகின்றன. போதாததற்கு ஆர்கனில் விரலை எடுத்தால் ஒலி நின்றுவிடும், மணியில் அது தானாக ஓயும்வரை நீளும். முந்தைய சுரக்கூட்டு முடியாமலே அடுத்தது வந்து சேர்கிறது.

இந்த உள்சுருதிகளைச் சரியாகக் கடைந்து ஒத்திசைத்த முதல் கேரிலானை ஃபிரான்சுவா, பீட்டர் ஹெமோனி சகோதரர்கள் நெதர்லாந்தின் சுட்ஃபென் நகரத்துக்காக 1644இல் வார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மணிகளைச் சேர்த்து வாசிப்பது இன்பமான ஒன்றாக ஆனது. அப்படி ஒத்திசைத்த மணியிலும் அந்தச் சிறிய மூன்றாம் சுரம் இருக்கவே செய்கிறது, அதுதான் மணிக்கு மணி என்ற குணத்தைக் கொடுக்கிறது. மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் உண்மையான மணியின் ஒலிப்பதிவைத்தான் வைத்திருக்கின்றன, ஆகவே அந்தக் குணமும் கூடவே வரும்.

நான்கு குரல் அமைப்பை அப்படியே ஏற்றாதீர்கள். மெட்டை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அடியில் ஒரு பெரிய மணி, அவ்வளவு போதும். வேகத்தைப் பாடும் வேகத்தில் முக்கால் பங்காகக் குறைத்துப் பாருங்கள். கிரகோரியன் மெட்டுகள் மணிக்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் அவை தனி மெட்டாகவே பிறந்தவை. பாஸ்கா ஞாயிறு முதல் தூய ஆவியார் பெருவிழா வரை மூவேளை செபத்துக்குப் பதிலாக விண்ணக அரசியே செபம் சொல்கிறோம் அல்லவா, அதன் கிரகோரியன் மெட்டை மணியில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஐம்பது நாளும் அதற்காகவே நண்பகலுக்குக் காத்திருப்பீர்கள்.

தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலுக்குத் துணையாக மட்டும் ஒலிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு. அது மணிக்கென்று எழுதியது இல்லை என்றாலும், அதே மனநிலையில் தவக்காலத்துக்கு மெட்டே இல்லாத ஒரு தொகுப்பு வைத்துக்கொள்வது அழகு. வெறும் அடிகள் மட்டும். நாற்பது நாள் அப்படிக் கேட்ட காதுக்குப் பாஸ்கா மெட்டு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கால் மணி இசை பற்றி: எல்லோரும் கேட்டுப் பழகிய அந்த மெட்டு 1793இல் கேம்பிரிட்ஜில் உள்ள தூய மரியா பெரிய ஆலயத்துக்காக அமைத்தது. பிறகு லண்டன் நாடாளுமன்றக் கடிகாரத்தால் உலகம் முழுவதும் பரவியது. கால் மணிக்கு நான்கு சுரம், அரை மணிக்கு எட்டு, முக்காலுக்குப் பன்னிரண்டு, முழு மணிக்குப் பதினாறு. வைப்பதாக இருந்தால் முழு மணி மெட்டை 20, 25 விநாடி முன்னதாகத் தொடங்குங்கள். அதற்குப் பின் வரும் முதல் அடிதான் சரியாக மணியைக் குறிக்க வேண்டும். ஆனால் என் கருத்து, வேண்டாம். மணிக்கு நான்கு தடவை ஒலித்தால் காது அதை விட்டுவிடும். மூவேளை செப மணி கேட்டதும் ஒருவர் கையிலிருக்கும் வேலையை நிறுத்த வேண்டும் என்றால், அதற்கு முன் கோபுரம் சற்று நேரம் பேசாமல் இருந்திருக்க வேண்டும்.

ஹார்ன் ஸ்பீக்கர் என்கிறீர்கள். அதற்குள் இருக்கும் டிரைவர் தாழ்ந்த ஒலிகளைத் தாங்காது. ஆம்ப்ளிஃபையரில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி இருந்தால் டிரைவருக்குச் சொல்லியிருக்கும் அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் பெரிய மணியின் அடி ஒவ்வொன்றும் சவ்வைக் கிழிக்கப் பார்க்கும். பெரிய மணியின் முனகல் ஒலி கேட்காமல் போகும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஒலியைக் கூட்டி அதை வரவழைக்க முடியாது.

---

பாடகர்குழு_பேஸ்

மெட்டை மட்டும் எடுத்து, வேகத்தைக் குறைத்து ஏற்றினேன். வேறு பாட்டு போலவே இருக்கிறது, அவ்வளவு தெளிவு. கால் மணி இசையை அணைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று, கோபுரமணி அண்ணே. துக்க மணி பொத்தானில் இருக்கிறது. அடக்கத் திருப்பலி முடிந்து உடலை வெளியே எடுத்து வரும்போது நடுவில் தானியங்கி மணி ஏதாவது அடித்துவிட்டால் குடும்பத்தாருக்கு எப்படி இருக்கும்? அதோடு, மௌனம் தொடங்கும் முன் பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' (வானவர் கீதம்) பாடும்போது அடிக்கும் மணியை எத்தனை மணிக்கு என்று போடுவது?

---

கோபுரமணி

'உன்னதங்களிலே' மணிக்கு நேரமே போடாதீர்கள். பவனி நீளலாம், தொடக்கப் பாடலில் இன்னொரு சரணம் பாடலாம். திருவிழிப்பில் இன்னும் கடினம், பழைய ஏற்பாட்டு வாசகங்கள் எத்தனை என்பது ஆலயத்துக்கு ஆலயம் மாறும். குருவானவர் தொடங்கியதும் ஒருவர் கை பொத்தானில் இருக்க வேண்டும், பாட்டு முடியும்வரை எடுக்கக் கூடாது. அந்த ஆள் பீடத்தைப் பார்க்கும்படி நிற்க முடிகிறதா என்று முன்னாலேயே பாருங்கள். சக்ரீஸ்துக்குள்ளிருந்து பீடம் தெரியாது என்றால், கதவருகே ஒருவர் நின்று கை காட்டட்டும்.

துக்க மணிக்கு: தாழ்ந்த மணி ஒன்று மட்டும், ஓர் அடி ஓய்ந்து அடங்கிய பிறகே அடுத்த அடி. அந்தப் பொத்தானை அழுத்தியதும் தானியங்கி மணிகள் இரண்டு மணி நேரம் நிற்கும்படி உங்கள் பெட்டியில் அமைக்க முடிந்தால் அமையுங்கள். முடியாவிட்டால் அடக்கத்துக்கு நேரம் குறித்த அன்றே விசேஷ தேதிப் பக்கத்தில் போய் அந்த நேரத்தை அடைத்துவிடுங்கள். மூவேளை செப மணியும் சேர்ந்து நின்றுபோகுமே என்று கேட்பீர்கள். நிற்கட்டும். அந்த நேரம் அந்தக் குடும்பத்துக்கு உரியது.

பெரிய வெள்ளியன்று அடக்கம் வந்தால் பாட்டும் இசையும் துக்க மணியும் இல்லாமல்தான் செய்ய வேண்டும், திருச்சபை ஒழுங்கு அது. துக்கத்தில் வந்து நிற்கும் வீட்டாரிடம் அன்று அதை விளக்குவது கடினம். அதனால் பொத்தானையும் சேர்த்து அடைக்க ஒரு வழி வேண்டும். நான் செய்வது இது: பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' முடிந்த உடனே ஆம்ப்ளிஃபையரின் மின்சுவிட்சை அணைத்து, மேலே 'திருவிழிப்புக்கு முன் போட வேண்டாம்' என்று தாள் ஒட்டிவிடுவேன். அட்டவணையில் அடைப்பும் போட்டிருப்பேன். இரண்டும் வேண்டும், ஏனென்றால் யாராவது தூசி துடைக்கும்போது சுவிட்சைத் தட்டிவிடலாம்.

சனிக்கிழமை திருவிழிப்பு தொடங்கும் முன் ஆம்ப்ளிஃபையரைப் போடுங்கள். கோபுரத்தில் சோதித்துப் பார்க்க முடியாது, ஆகவே ஸ்பீக்கர் வரிகளின் சுவிட்சுகளை அணைத்துவிட்டு, ஹெட்போன் துளையில் மாட்டி, பொத்தானை அழுத்தி மணி வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் நான்கு வரியையும் திரும்பப் போட்டு, ஒலி அளவு ஏறியிருக்கிறதா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அடைப்பை ஞாயிறு காலை 5:55 வரை வைத்தால் போதும், 6 மணிக்கு விண்ணக அரசியே மெட்டு தானாக வரும்.